செபிக்கு ஒரு திறந்த மடல்: ஆர்டரைச் சோதிக்கிறீர்கள், கணக்கை யார் சோதிப்பது?

பெறுநர்: இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியத்தின் தலைவர், முழுநேர உறுப்பினர்கள்
நகல்: தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை

வணக்கம்.

விதிகளை எழுதி, பழைய தரவில் ஓட்டிப் பார்த்து, பிறகு சந்தையில் இயக்கும் வர்த்தக அமைப்புகளை வடிவமைப்பதும் சோதிப்பதும் எங்கள் வேலை. 2025 பிப்ரவரி 4 அன்று சில்லறை முதலீட்டாளரின் ஆல்கோ வர்த்தகத்துக்கு, அதாவது கணினி நிரலே ஆர்டர் போடும் வர்த்தகத்துக்கு, நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையை முன்வைத்து இதை எழுதுகிறோம். மாறாத ஐபி முகவரி, இரட்டைச் சரிபார்ப்பு, ஒவ்வோர் ஆர்டருக்கும் அடையாள எண், நொடிக்கு 10 ஆர்டர் என்ற எல்லை எல்லாமே வேண்டியவைதான். யாருடைய கணினியிலிருந்து எந்த ஆர்டர் வந்தது என்று இனி தேடிப் பிடிக்க முடியும்.

ஆனால் இவை அனைத்தும் ஆர்டர் போகும் குழாயைப் பற்றிய விதிகள். குழாயில் என்ன ஓடுகிறது என்பதை அவை கேட்பதில்லை. காலை 9.20-க்கு நிஃப்டியின் கால் ஆப்ஷனையும் (குறித்த விலையில் வாங்கும் உரிமை) புட் ஆப்ஷனையும் (விற்கும் உரிமை) சேர்த்து விற்று, மாலையில் திரும்ப வாங்கி மூடும் ஸ்ட்ராடில் அமைப்பு நாளெல்லாம் நான்கு ஆர்டர்தான் அனுப்பும். நொடிக்கு 10 என்ற எல்லைக்கு அது தூசு. வாடிக்கையாளரின் மூலதனத்தை மெல்ல மெல்லக் கரைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதுவான அமைப்புதான்.

உள்ளே இருக்கும் விதி வாடிக்கையாளருக்குத் தெரியாத பிளாக் பாக்ஸ் ரகத்துக்கு நீங்கள் ஒரு கூடுதல் நிபந்தனை வைத்திருக்கிறீர்கள். விற்பவர் ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஆல்கோவுக்கும் ஆய்வறிக்கை வைத்திருக்க வேண்டும், விதி மாறினால் புது அறிக்கையோடு மறுபடி பதிய வேண்டும். இங்கேதான் எங்கள் கோரிக்கை. அந்த அறிக்கையில் பேக்டெஸ்ட், அதாவது பழைய தரவில் ஓட்டும் சோதனை, எப்படிச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வடிவம் வகுத்துத் தாருங்கள். வடிவம் இல்லாவிட்டால் அறிக்கை என்ற பெயரில் மேலே ஏறும் ஒரு கோட்டுப் படம்தான் வந்து சேரும்.

2022 செப்டம்பரில் புரோக்கர்கள் ஆல்கோவின் பழைய லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ சொல்லக் கூடாது என்றீர்கள். நோக்கம் சரி. ஆனால் எண்கள் மறையவில்லை. புரோக்கரின் பக்கத்தில் இருந்த எண் வாட்ஸாப் குழுவுக்கும் காணொளிக்கும் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். அதோடு, அந்நிய முதலீட்டு நிறுவனங்களின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) லாபத்தில் 97 சதவீதமும் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் ஆல்கோ வழியே வந்தவை என்ற உங்கள் 2024 செப்டம்பர் ஆய்வின் வரிகள் இன்று விற்பனை வாசகமாகிவிட்டன. "பெரியவர்கள் ஆல்கோவில்தான் சம்பாதிக்கிறார்கள், நீங்களும் வாருங்கள்" என்கிறார்கள். அதே ஆய்வில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று இருப்பதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

பொய்க் கணக்கு எங்கே நுழைகிறது என்று வரிசையாகச் சொல்கிறோம். முதலில் செலவு, ஏனென்றால் மற்ற பிழைகளைப் புரிந்துகொள்ளப் புள்ளியியல் வேண்டும், இதற்குக் கூட்டல் தெரிந்தால் போதும்.

லாட், அதாவது ஒரே ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை, 75 ஆக இருந்த 2025-ம் ஆண்டின் விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். காலும் புட்டும் தலா 100 ரூபாய்க்கு விற்று, சராசரியாக 98-க்குத் திரும்ப வாங்கும் ஸ்ட்ராடில். கையில் தெரியும் லாபம் 4 புள்ளி, அதாவது 300 ரூபாய். விற்ற 15,000 ரூபாய் பிரீமியத்துக்கு (ஆப்ஷனின் விலை) 0.1 சதவீத எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 15 ரூபாய். மொத்த விற்றுமுதல் 29,700 ரூபாய்க்குச் சந்தைக் கட்டணம் 0.03503 சதவீத வீதத்தில் 10 ரூபாய் 40 காசு. முத்திரைத் தீர்வையும் உங்கள் கட்டணமும் சேர்ந்து அரை ரூபாய்கூட இல்லை. நான்கு ஆர்டருக்கு 20 வீதம் தரகு 80. தரகு, கட்டணங்கள் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 16 ரூபாய் 28 காசு. ஆகக் கூடி 122 ரூபாய். இத்தோடு முடியவில்லை. நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையிலான ஸ்லிப்பேஜ் ஆர்டருக்கு 50 காசு என்றால் நான்கு ஆர்டருக்கு 150 ரூபாய். 300-ல் 272 போனால் மிச்சம் 28.

ஸ்லிப்பேஜ் 50 காசு அல்ல, 60 காசு என்று வையுங்கள். 180 ரூபாய் ஆகிறது. மிச்சம் இரண்டு ரூபாய் நஷ்டம். ஆண்டுக்கு 250 நாள் ஓட்டினால் 75,000 ரூபாய் லாபம் என்று படத்தில் தெரியும் அமைப்பு, பத்துக் காசு வித்தியாசத்தில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. விற்பனைக்கு வரும் பேக்டெஸ்ட்களில் ஸ்லிப்பேஜ் என்ற வரியே இல்லாதவை ஏராளம். இருந்தாலும் எஸ்டிடியை 2019 முதல் இன்றுவரை ஒரே வீதத்தில் போட்டிருப்பார்கள். ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி 2023 ஏப்ரலில் 0.05-லிருந்து 0.0625-க்கும், 2024 அக்டோபரில் 0.1 சதவீதத்துக்கும் ஏறியது. எந்த ஆண்டின் லாபத்தை எந்த ஆண்டின் வரியால் கழித்தார்கள் என்று எழுதச் சொன்னால் போதும், பாதி அமைப்புகள் கடையிலிருந்து தாமாகவே இறங்கிவிடும் என்பது எங்கள் கணிப்பு.

அடுத்தது ஸ்டாப்லாஸ், நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் வெளியேறும் ஆர்டர். 2021 செப்டம்பர் 27 முதல் தேசியப் பங்குச் சந்தையின் ஆப்ஷன்களில், கிடைத்த விலைக்கு வெளியேறும் மார்க்கெட் ஸ்டாப்லாஸ் ஆர்டர் கிடையாது. தூண்டுவிலை ஒன்று, லிமிட் விலை ஒன்று என இரண்டும் கொடுத்தாக வேண்டும். 125-ல் தூண்டு, 128-க்குள் வாங்கு என்று போட்டிருக்கும்போது விலை 124-லிருந்து 131-க்குத் தாவினால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். விற்ற ஆப்ஷன் கையில் திறந்தே கிடக்கும். பேக்டெஸ்டிலோ அது 125-ல் அழகாக மூடப்பட்டிருக்கும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று, நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்து முடிந்தது. அந்த ஒரு நாளின் ஒவ்வொரு ஆர்டரும் எந்த விலையில் நிறைவேறியதாகக் கணக்கு சொல்கிறது என்று பாருங்கள். புட் விற்றவருக்குத் தூண்டுவிலையிலேயே வெளியேற்றம் கிடைத்ததாகக் காட்டினால் மற்ற பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

ஒரு நிமிட மெழுகுவர்த்திக்குள், அதாவது அந்த நிமிடத்தின் திறப்பு, உச்சம், அடி, முடிவு விலைகளை மட்டும் காட்டும் பதிவுக்குள், என்ன நடந்தது என்பதும் அதே வகைச் சிக்கல். அந்த நிமிடத்தின் உச்சம் ஸ்டாப்லாஸைத் தொட்டது, அடி இலக்கைத் தொட்டது. எது முதலில்? நிமிடத் தரவுக்குத் தெரியாது. இலக்கு முதலில் என்று நிரல் எடுத்துக்கொண்டால் நஷ்ட நாள்கள் லாப நாள்களாகின்றன. கெட்டதே முதலில் நடந்தது என்று வைப்பதுதான் முறை. நேரக்குறியிலும் கவனம் வேண்டும். சில தரவு விற்பனையாளர்கள் மெழுகுவர்த்தி தொடங்கும் நேரத்தை எழுதுகிறார்கள், சிலர் முடியும் நேரத்தை. 9.20 என்று குறித்த மெழுகுவர்த்தி 9.20:59-ல் முடிவதாக இருந்தால் அதன் முடிவு விலையைப் பார்த்து 9.20:00-க்கு ஆர்டர் போட முடியாது. ஒரு நிமிடம் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு எழுதிய அமைப்பு எந்தச் சந்தையிலும் கொழிக்கும்.

மூன்றாவது, சந்தையின் சட்டமே நடுவில் மாறுவது. நிஃப்டி வார ஆப்ஷன்கள் 2019 பிப்ரவரியில்தான் வந்தன. "15 ஆண்டு பேக்டெஸ்ட்" என்று யாராவது வார ஆப்ஷனுக்குக் காட்டினால் அது ஃபார்முலாவால் செய்த கற்பனை விலை. வந்த பிறகும் எதுவும் நிலையாக நிற்கவில்லை. லாட் 75 ஆக இருந்தது 2021-ல் 50, 2024 ஏப்ரலில் 25, அதே ஆண்டு நவம்பரில் மறுபடி 75, இப்போது 65. பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) 2023 செப்டம்பரில் வியாழனிலிருந்து புதனுக்கு நகர்ந்து, 2024 நவம்பரில் நின்றேபோனது. நிஃப்டியின் எக்ஸ்பைரி 2025 செப்டம்பர் முதல் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு வந்தது. "வியாழக்கிழமை என்றால் எக்ஸ்பைரி" என்று நிரலில் ஆணியடித்து எழுதியவர்களின் அமைப்பு இதில் சத்தமில்லாமல் தப்பான நாளில் விற்கும். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமையான உச்ச மார்ஜின் விதிக்கு (நாளுக்குள் எந்நேரமும் முழுப் பிணைத்தொகை இருக்க வேண்டும் என்பது) முன்பு, சிறு மூலதனத்தில் பல மடங்கு நிலை எடுக்க முடிந்தது. அந்தக் காலத்து வருவாய் சதவீதத்தை இன்றைய வாடிக்கையாளரிடம் காட்டுவது, மூடிப்போன பேருந்துத் தடத்துக்கு டிக்கெட் விற்பது போல.

இந்த மாற்றங்களில் பல நீங்கள் செய்தவை, நியாயமான காரணத்துக்காகச் செய்தவை. ஆகவேதான் ஒவ்வொரு மாற்றத் தேதியையும் எல்லைக்கல்லாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் முடிவுகளைத் தனித்தனியே காட்டச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

பங்குகளில் ஓடும் அமைப்புகளுக்கு வேறு நோய். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2008 முதல் சோதித்தால் முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிடும். சத்யம் 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. அடுத்த வாரமே பட்டியலிலிருந்து போய், அதன் இடத்துக்கு வந்தது ரிலையன்ஸ் கேப்பிட்டல். அதுவும் பின்னாளில் திவால் நடவடிக்கையில் முடிந்தது. யெஸ் பேங்க் 2015-ல் நுழைந்து 2020-ல் வெளியேறியது. இவர்கள் யாரும் இன்றைய பட்டியலில் இல்லை. அதனால் அந்த நஷ்டங்களும் சோதனையில் இல்லை. அந்தந்தத் தேதியில் எந்த 50 இருந்ததோ அதில்தான் சோதிக்க வேண்டும், பட்டியலைவிட்டு நீங்கிய நிறுவனங்களின் கடைசி விலை வரை சேர்த்து.

போனஸ், பங்குப் பிளவு, நிறுவனப் பிரிப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாத தரவும் ஆளைக் கவிழ்க்கும். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து நிதிச் சேவைப் பிரிவு பிரிந்தபோது, முந்தைய நாள் 2,841.85-ல் முடிந்த பங்கு சிறப்பு அமர்வில் 2,580 என்று நிர்ணயமானது. யாரும் ஒரு பைசா இழக்கவில்லை. ஆனால் 8 சதவீத ஸ்டாப்லாஸ் வைத்த அமைப்பு "விழுந்துவிட்டது" என்று விற்றிருக்கும். போனஸையும் பிளவையும் தானாகச் சரிசெய்யும் பல தரவுத் தொகுப்புகள் பிரிப்பைத் தொடுவதில்லை. பி.இ. விகிதத்தை (விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்) பார்த்து வாங்கும் அமைப்புகளுக்கு 2021-ல் ஒரு பொறி இருக்கிறது. அதுவரை நிறுவனங்களின் தனித்த கணக்கில் கணக்கிட்ட நிஃப்டி பி.இ. அப்போது துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறி, 40-ஐ ஒட்டியிருந்தது 33-ஐ ஒட்டி இறங்கியது. சந்தை மலிவாகவில்லை. கணக்கிடும் விதம்தான் மாறியது.

இன்னொன்று, சிறியது, ஆனால் எல்லாரும் இடறுவது. சந்தை அன்றாடம் வெளியிடும் விலைக் கோப்பான பாவ்காப்பியில் பங்கின் முடிவு விலை என்று இருப்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை அல்ல. கடைசி அரை மணி நேரத்தின் எடையிட்ட சராசரி. 3.30-க்குப் பிறகு தெரியவரும் அந்தச் சராசரியைப் பார்த்து அதே விலையில் வாங்கியதாக எழுதும் பேக்டெஸ்ட், கடை சாத்திய பிறகு சாமான் வாங்கியதாகக் கணக்கு எழுதுகிறது. மறுநாள் திறப்பு விலையில் வாங்கியதாகப் போடுவதே நேர்மை.

இவையெல்லாம் சரியாகச் செய்தவரும் விழும் இடம் ஒன்று உண்டு: தேடித் தேடிப் பொறுக்குவது. நுழையும் நேரம் 9.16 முதல் 9.45 வரை 30, ஸ்டாப்லாஸ் அளவு 10, வெளியேறும் நேரம் 4, ஸ்ட்ரைக் (ஆப்ஷனின் ஒப்பந்த விலை) தேர்வு 3 என்றால் 3,600 சேர்க்கைகள். இவற்றில் ஒன்றுக்குக்கூட உண்மையான அனுகூலம் இல்லை, எல்லாமே பூவா தலையா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுத் தரவில் ஆண்டு ஷார்ப் விகிதத்தின் (ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு லாபம் என்ற அளவு) இயல்பான அலைவு சுமார் 0.45. 3,600 முயற்சிகளில் சிறந்தது சராசரியிலிருந்து மூன்றரை மடங்கு அலைவுக்கு மேலே நிற்கும். அதாவது வெறும் தற்செயலில் 1.6 ஷார்ப். சேர்க்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் உண்மையில் இது குறையும். ஆனாலும் ஒன்றை எட்டுவது சாதாரணம். விற்பவர் காட்டுவது அந்த ஒன்றைத்தான். மீதி 3,599 பற்றிப் பேச்சே இல்லை.

ஆகவே எத்தனை சேர்க்கைகளை முயன்றீர்கள் என்ற எண்ணை அறிக்கையில் கட்டாயமாக்குங்கள். அதோடு, தேர்ந்த புள்ளியின் அக்கம்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். 25 சதவீத ஸ்டாப்லாஸில் நல்ல லாபம், 20-லும் 30-லும் நஷ்டம் என்றால் அது கண்டுபிடிப்பு அல்ல, விபத்து. மூன்று ஆண்டுத் தரவில் அளவுகளைத் தேர்ந்து அடுத்த ஆறு மாதத்தில் கைவைக்காமல் ஓட்டி, பிறகு ஆறு மாதம் நகர்ந்து மறுபடி தேர்ந்து ஓட்டும் நடைமுறையில், அந்த ஆறாறு மாதங்களை மட்டும் கோத்து வரும் வளைவுதான் வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது. அதுவும் ஒரு முறைதான். பிடிக்கவில்லை என்று விதியைத் திருத்தி அதே மாதங்களில் மறுபடி ஓட்டினால் அவையும் பயிற்சித் தரவாகிவிடும்.

இறக்கக் கணக்கிலும், அதாவது உச்சத்திலிருந்து மூலதனம் எவ்வளவு சரிந்தது என்பதிலும், கண்கட்டு நடக்கிறது. அதிகபட்ச இறக்கத்தை நாள் முடிவு லாப நஷ்டத்தில் அளந்தால், பகலில் மார்ஜின் பற்றாக்குறை வந்து புரோக்கரே நிலையை மூடியிருக்கக்கூடிய நாள்கள் மறைந்துவிடும். நாளுக்குள் தொட்ட ஆழத்தைக் கேளுங்கள். எந்த மூலதனத்தின் மீது சதவீதம் என்றும் கேளுங்கள்: நுழையும்போது தேவைப்பட்ட மார்ஜின் மீதா, எக்ஸ்பைரி நாளில் கூடுதலாகப் பிடிக்கும் 2 சதவீதத்தையும் தாங்கும் பணத்தின் மீதா? வர்த்தகங்களின் வரிசையை ஆயிரம் முறை கலைத்துப் போட்டால் வரும் இறக்கங்களில் 95-வது சதமானத்தை எழுதச் சொல்வது கடினமான வேலை அல்ல, மடிக்கணினியில் ஒரு நிமிடம். வரலாற்றில் ஒரு வரிசையில் நேர்ந்த இறக்கத்தைவிட அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

சோதனை முடிந்து சந்தைக்கு வந்த பிறகு? குறைந்தது மூன்று மாதம் ஒரே லாட்டில் ஓட்டி, அதே தேதிகளுக்குப் பேக்டெஸ்டை மறுபடி ஓட்டி, வர்த்தகம் வர்த்தகமாக ஒப்பிட வேண்டும். விலை வித்தியாசம் கூடினால் ஸ்லிப்பேஜ் அனுமானம் தவறு. ஒரு பக்கத்தில் இருக்கும் வர்த்தகம் மறுபக்கத்தில் இல்லை என்றால் நிரலிலோ தரவிலோ ஓட்டை. பேக்டெஸ்டில் ஒருபோதும் தெரியாத தவறுகள் இங்கேதான் வரும். காவலுக்கு வாங்கும் ஆப்ஷனுக்கு முன்பே விற்பனை ஆர்டர் போய் மார்ஜின் இல்லையென்று திரும்பும். ஜோடியில் ஓர் ஆர்டர் நிறைவேறி மற்றது நிராகரிக்கப்படும். இணைப்பு அறுந்து திரும்பியதும், முன்பு போன ஆர்டரை மறந்து இன்னொன்று போகும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டலின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறாமல் விட்டுப்போய், பழைய நிரல் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு வந்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. சந்தைகள் சனிக்கிழமைகளில் நடத்தும் மாக் (ஒத்திகை) அமர்வுகளில், ஏபிஐ வழியே நிரலால் ஆர்டர் போடும் சில்லறை வாடிக்கையாளரும் தன் அமைப்பை ஓட்டிப் பார்க்கப் புரோக்கர்கள் வழி செய்ய வேண்டும். நாளின் நஷ்டம் குறித்த அளவைத் தாண்டினால் எல்லா ஆர்டரையும் ரத்து செய்யும் அவசர நிறுத்தம் வாடிக்கையாளரின் கணினியில் அல்லாமல் புரோக்கரின் பக்கத்தில் இருக்க வேண்டும். கணினி உறைந்துபோன நேரத்தில்தானே அது தேவைப்படும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, சோதிப்பதற்கான தரவைத் தராமல் விட்டால் நேர்மையாளருக்கு மட்டும் தண்டனையாகும். அதனால் சந்தைகளிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குறியீட்டிலும் எந்தத் தேதியில் எந்தப் பங்கு இருந்தது, லாட் அளவும் எக்ஸ்பைரி நாளும் எப்போது எப்படி மாறின, போனஸ், பிளவு, பிரிப்பு ஆகியவற்றின் சரிக்கட்டும் விகிதம் என்ன, வரியும் கட்டணமும் எந்தத் தேதியில் எவ்வளவு என்ற நான்கையும் நிரல் நேரடியாகப் படிக்கும் கோப்புகளாக இலவசமாக வெளியிடுங்கள். இவை எல்லாம் இப்போதும் பொதுவெளியில்தான் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான பிடிஎஃப் சுற்றறிக்கைகளில் சிதறி. 2024 ஜூலையில் பாவ்காப்பியின் வடிவம் மாறியபோது பழைய நிரல்கள் பல ஒரே நாளில் நின்றன. அப்படி வடிவம் மாறும்போது பழைய ஆண்டுகளையும் புது வடிவத்தில் மாற்றித் தருவது சந்தைக்குச் சின்ன வேலை, வெளியே இருப்பவருக்கு மாதக்கணக்கு. குறியீட்டு ஆப்ஷன்களின் நிமிடவாரியான சிறந்த வாங்கும் விலை, விற்கும் விலையை ஐந்தாண்டுக்காவது தனிநபர் தாங்கும் கட்டணத்தில் கொடுங்கள். அது இல்லாமல் ஸ்லிப்பேஜ் என்பது அவரவர் வாய்க்கு வந்த எண்தான்.

வாடிக்கையாளர் கையில் சேர வேண்டியது இரண்டு பக்கத் தாள். சோதித்த காலம், விதி மாற்றத் தேதிகளில் பிரித்த முடிவுகள், ஆர்டருக்கு எவ்வளவு ஸ்லிப்பேஜ், முயன்ற சேர்க்கைகளின் எண்ணிக்கை, கைவைக்காத காலத்தின் முடிவு, நாளுக்குள் நேர்ந்த அதிகபட்ச இறக்கம், நேரடி ஓட்டத்துக்கும் பேக்டெஸ்டுக்கும் இடையிலான வித்தியாசம். கீழே பதிவு பெற்ற ஆய்வாளரின் கையெழுத்து. ஆல்கோவின் அடையாள எண்ணோடு அந்தத் தாளைச் சந்தையின் தளத்தில் யாரும் பார்க்கும்படி போடுங்கள். விதி இரகசியமாகவே இருக்கட்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மேலே சொன்ன எதற்கும் விதியைத் திறந்துகாட்ட வேண்டிய அவசியமில்லை.

ஆய்வறிக்கைக்கான வடிவத்தை வரைவாக வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்டால், மேற்கண்ட ஸ்ட்ராடிலையே மாதிரியாக வைத்து, தரவும் நிரலும் செலவுக் கணக்கும் சேர்த்து ஒரு முழுத் தாளை நிரப்பி அனுப்பக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முறைசார் வர்த்தக அமைப்புகளை வடிவமைத்துச் சோதிப்போர் சிலர்